பேருந்து நிலையச் சுவரில் ஆறு யுகங்கள்

உலக வரலாற்றில் கலையும் சமூகமும் ஒரே மேசையைச் சுற்றிக் கூடி, மனம் விட்டுப் பேசியது ஒரே ஒரு தடவைதான். அந்தப் பெருமை எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு உரியது. சமூகத்தின் சார்பில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். கலையின் சார்பில் என் அக்கா வந்திருந்தாள். நாற்காலிகளும் பதினொன்றுதான் என்பதால் சமூகம் உட்கார்ந்துகொண்டது, கலை நின்றுகொண்டது. நான் படச் சுருள்களைக் கட்டிப் பிடித்தபடி கதவோரம் நின்றேன். நான் எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பதினொரு பேரும் சேர்ந்ததுதான் ‘கலை–சமூக உறவு மேம்பாட்டுக் குழு’. மனிதன் குகையில் கோடு கிழித்த நாளிலிருந்து கலைக்கும் சமூகத்துக்கும் இடையே உறவு சரியில்லை என்றும், நடப்பு நிதியாண்டு முடிவதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. குழுத் தலைவர் பெரிய செங்கல் சூளை ஒன்றின் சொந்தக்காரர். கலையின் வரலாறு என்பது பெரும்பாலும் சுவர்களின் வரலாறு. சுவர்கள் செங்கல்லால் ஆனவை. ஆகவே அவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடையாது. பல் மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் தன் மருத்துவமனை வரவேற்பறையில் இரண்டு ஓவியங்கள் மாட்டியிருந்தார். நோயாளிகள் வலியோடு அண்ணாந்து பார்ப்பதற்கு அவை உதவின. கலையும் சமூகமும் பற்றித் தலையணை கனத்தில் நூல் எழுதிய பேராசிரியர் இருந்தார். அரசர்கள் கலைஞர்களைப் போற்றினார்கள், கலைஞர்கள் அரசர்களைப் போற்றினார்கள் என்று அந்த நூல் விரிவாக விளக்குகிறது. இரு தரப்பும் போற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கல் சுமந்தது யார் என்பதற்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதினாராம். அச்சகத்தில் இடம் போதவில்லை. மற்றவர்களும் இதே தகுதி உடையவர்களே. எல்லாவற்றுக்கும் மேலாகச் செயலாளர் இருந்தார். யார் வாயைத் திறப்பதற்கு முன்பும் அவர் சொல்லப்போவதைத் தீர்மானமாக எழுதிவிடக் கூடிய மேதை.

பேருந்து நிலையத்தின் நீண்ட சுவரில் ‘யுகங்களினூடே கலையும் சமூகமும்’ என்ற மாபெரும் ஓவியத்தைத் தீட்டுவது என்று குழு முடிவு செய்தது. அக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவள் கூலி கேட்கவில்லை.

அவள் கேட்டது வேறு. அக்கா நகராட்சிப் பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவளை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். பள்ளி திறந்ததும் புதிதாக ஒரு ஆளைத் தேடுவார்கள். தேடித் தேடி அக்காவையே கண்டுபிடிப்பார்கள். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் பெயர் எழுதிய அலமாரி உண்டு. அக்காவின் வண்ணப் பெட்டி மட்டும் துடைப்பக்கட்டைகளோடு குடித்தனம் நடத்தும். ஒவ்வொரு கோடையிலும் அம்மா, “இந்தத் தடவையாவது நிரந்தரமாக்குவாங்களாடி?” என்று கேட்பாள். அக்கா பென்சில் சீவப் போய்விடுவாள்.

தலைவர் பரந்த மனம் படைத்தவர். சுவர் முடிந்ததும் குழு ‘முழுத் திருப்திச் சான்றிதழ்’ ஒன்றை வழங்கும். அதில் தன் கையெழுத்து விழுந்தால் கல்வி அலுவலகத்தில் மறுபேச்சே கிடையாது, வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். அதாவது, அக்காவின் எஞ்சிய ஆயுள் முழுவதும் அந்த ஒற்றைக் கையெழுத்தில் தொங்கியது. கலைக்கு இப்படி ஒரு உந்துதல் இருந்தால்தானே நன்றாக வளரும்.

அக்கா முதல் மாதிரிப் படத்தை மேசையில் விரித்தாள். ஆறு யுகங்கள்: குகை, கல்லறைக் கோபுரம் கட்டிய காலம், அரசவை, வணிகர்களின் காலம், புரட்சி, இன்று. ஒவ்வொரு யுகத்திலும் ஏகப்பட்ட மனிதர்கள். பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்கள், இறங்குகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோருடைய முகங்களையும் அதில் வைக்கப்போவதாக அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

முதலில் பல் மருத்துவர்தான் படத்தின்மேல் குனிந்தார். குகைத் தலைவனின் பற்கள் அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஏம்மா, இவன் சர்க்கரையே பார்த்ததில்ல. பல்லு ஏன் இப்படி இருக்கு?”

“கற்பனைதான் சார். முன்னால யாரும் உட்கார்ந்து தரல.”

“அப்ப நான் உட்கார்றேன்,” என்றார் மருத்துவர், மிகப் பெரிய தியாகத்தைச் செய்கிறவரின் குரலில்.

மற்ற பத்துப் பேரும் தங்களுக்குள்ளும் தியாக உணர்வு பொங்குவதை உணர்ந்தார்கள். பேராசிரியர் தொண்டையைச் செருமினார். புரவலர்களின் முகங்களைப் பழைய கதைமாந்தருக்கு வைப்பது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் நடந்ததே என்றும், அதைச் செய்யாமல் விட்டால்தான் வரலாற்றுப் பிழை என்றும் ஆதாரங்களோடு விளக்கினார். அவர் முடிப்பதற்குள் செயலாளர் எழுதி முடித்திருந்தார்: ‘முகத்துக்கு ஆள் தேடும் வீண் செலவைத் தவிர்க்கும் பொருட்டு, ஓவியத்தின் முக்கிய மாந்தர்களுக்குக் குழு உறுப்பினர்களே தம் முகங்களை நன்கொடையாக வழங்குவர்.’ ஒருமனதாக நிறைவேறியது.

நன்கொடை என்றால் நம் ஊரில் கேட்கவா வேண்டும். யுகங்கள் ஆறு, முகங்கள் பதினொன்று. ஆகவே அரசவையில் தலைவரும், குகையிலிருந்து பதவி உயர்வு பெற்று வந்த பல் மருத்துவரும் இரண்டு பேரரசர்களாக ஒரே சிம்மாசனத்தை நெருக்கியடித்துப் பகிர்ந்துகொண்டார்கள். போர்க்களத்தில் இருவரும் வென்றார்கள். தோற்க ஆள் கிடைக்கவில்லை. புரட்சிதான் பெரிய தலைவலியாகிவிட்டது. ஒரு மன்னன் கவிழ வேண்டும். யாரைக் கேட்டாலும் வேறொரு உறுப்பினரின் பெயரைச் சொன்னார்கள். கடைசியில் மன்னனும் புரட்சித் தலைவனும் கை குலுக்கிக்கொள்ளும்படி திருத்தம் வந்தது. யாரும் பதவி இழக்காமல் நடந்த முதல் புரட்சி எங்கள் ஊர்ச் சுவரில்தான் நடந்திருக்கிறது. புதிய ஆய்வுகள் அப்படியும் சொல்கின்றன என்றார் பேராசிரியர். எந்த ஆய்வு என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது சமூகம்.

தலைவர் படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

“இத்தனை பேர் மூஞ்சி எதுக்கும்மா? பார்க்கிறவன் கண்ணு சிதறிப் போகுமே.”

“சமூகம்னு தலைப்புல இருக்கே சார்.”

“இருக்கட்டும். யார் வேணாம்னா? அவங்க எங்களைப் பார்த்து நிக்கட்டும்.”

அதாவது, கூட்டம் முழுவதும் தலைவர்களை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். அப்போது சுவரைப் பார்க்கிறவர்களுக்குக் கூட்டத்தின் முதுகுகள் மட்டும் தெரியும். இதைவிட எளிமையான தீர்வு கலை வரலாற்றில் இல்லை. ‘பொதுமக்களின் முகங்கள் நீக்கப்பட்டு, அவர்களது பின்புறம் உரிய மரியாதையுடன் இடம்பெறும்’ என்று செயலாளர் எழுதினார். அக்கா “சரிங்க சார்” என்றாள். அந்த இரண்டெழுத்து ‘சரி’யில்தான் அவள் பல வருடங்களாகக் குடியிருக்கிறாள்.

பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் சுருட்டிய படத்தை மடியில் வைத்து நசுக்கிக்கொண்டே வந்தாள்.

“வெறும் முதுகுடி. சுவர் முழுக்க முதுகு. சட்டைத் துணிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கும்.”

“முதுகும் ஆளுதானே அக்கா,” என்றேன் நான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு கருத்தைச் சொல்வது எங்கள் குடும்பத்தில் அபூர்வம்.

“அப்ப அதெல்லாம் நீயே போடு,” என்றாள்.

அவள் அலுப்பில் சொன்னதுதான். ஆனால் அதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு முதுகுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சின்ன வயதிலிருந்து, எதிரே வருகிறவர்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் தாண்டிப் போன பிறகு நிமிர்ந்து பார்க்கிறவள். எனக்குத் தெரிந்த ஊர் முழுவதும் போய்க்கொண்டே இருக்கும் ஊர்.

சுவருக்கு முன்னால் சாரம் கட்டி, திறப்பு விழா வரை யாரும் பார்க்கக் கூடாது என்று பெரிய படுதாவைத் தொங்கவிட்டார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளே உட்கார்ந்து முகம் கொடுத்தார்கள். அக்கா உள்ளதை உள்ளபடி வரைந்தாள். பிறகு திருத்தங்கள் தொடங்கின. தலைவருக்குத் தாடைக்குக் கீழிருந்த இன்னொரு தாடை நீக்கப்பட்டது. அவருடைய நெற்றி முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. கல்லறைக் காலத்தில் மூக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் பேராசிரியரின் கண்ணாடி போயிற்று. கண்ணாடி போனதும் கண்கள் சிறியவையாகத் தெரிந்ததால் அவை பெரிதாக்கப்பட்டன. மருத்துவருக்குப் பற்கள் வரிசையாக வந்தன. அதைப் பார்த்த மற்றவர்களும் பற்கள் கேட்டார்கள். மருத்துவர் வந்து தலைவருக்கு வைத்த மாதிரி முடி கேட்டார். எல்லோருடைய தோலும் ஒரு தடவை வெளுக்கப்பட்டது. பிறகு ஒரு தடவை சற்றுச் சிவப்பாக்கப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்குக் கீழேயும் உரியவரின் கையெழுத்து இருக்கிறது. அக்கா ஒரு கோட்டைக்கூடத் தன் இஷ்டத்துக்குப் போடவில்லை. அவள் இஷ்டப்பட்டதெல்லாம் கடைசிக் கையெழுத்தை.

முதுகுகளுக்கு ஒரே ஒரு திருத்தம்கூட வரவில்லை. யாரும் அவற்றைப் பார்க்கவேயில்லை.

நான் படுதாவில் இருந்த கிழிசல் வழியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரே தோளில் கூடை தூக்கித் தூக்கி இடது பக்கம் சாய்ந்துபோன பழக்காரம்மா. தோல்பை வார் உராய்ந்து சட்டை நைந்திருக்கும் நடத்துநர். வேலை முடிந்து வரும்போது கழுத்தைக் கையால் பிடித்துவிட்டுக்கொள்ளும் செவிலி. பேருந்து வராவிட்டாலும் ஓடத் தயாராகவே நிற்கும் ஒருவர். ஒருநாள் தலைவர் மேற்பார்வையிட வந்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்று நெடுநேரம் செல்பேசியில் பேசினார். இடுப்பில் ஒரு கை, ஒரு காலில் மொத்த எடை, முன்னால் அழகாகச் செருகிய சட்டை பின்னால் வெளியே வந்து தொங்கியது. நல்ல முதுகு வீணாகப் போகிறதே என்று அதையும் அரசவைக் கூட்டத்தில் ஓரமாகச் சேர்த்துவிட்டேன்.

திறப்பு விழா நாள் வந்தது. பதினொரு பேரும் சுவருக்கு முன்னால், அவரவர் முகத்துக்குக் கீழே நின்றார்கள். பேருந்துக்கு வந்தவர்கள் விழாக் கூட்டமானார்கள். தலைவர் கயிற்றை இழுத்தார். படுதா அவர் தலையிலேயே விழுந்தது. அதிலிருந்து அவர் வெளியே வரும்போது கைதட்டலை எதிர்பார்த்து வாயை ஒரு மாதிரி வைத்திருந்தார்.

யாரும் தட்டவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தன் முதுகை யாரும் பார்த்ததில்லை என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அதனால் பழக்காரம்மா தன் முதுகுக்கு நேர் எதிரே நின்றும் அதை வேறு யாரோ என்றுதான் பார்த்தார். பக்கத்தில் நின்ற செவிலிதான் அவரை இடித்தாள்.

“பழக்காரம்மா, அது நீங்கதான்.”

“போடி. நான் அவ்வளவு கோணலாவா இருக்கேன்?”

“அதைவிடக் கோணல்தான். இவங்க கொஞ்சம் நேராக்கிப் போட்டிருக்காங்க.”

அவ்வளவுதான். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அந்த இன்னொருவர் மூன்றாமவரைக் காட்ட, பேருந்து நிலையம் முழுவதும் விரல்கள் நீண்டன. நடத்துநர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டு, அன்றே புதுச் சட்டை வாங்கப்போவதாக அறிவித்தார். ஒரு பெண்மணி வணிகர் காலத்தில் நின்ற ஒரு முதுகைச் சுட்டிக்காட்டி, “இதை எங்க வேணும்னாலும் கண்டுபிடிப்பேன். என்னைக்கு நான் வீட்டுக்கணக்கு பேச ஆரம்பிச்சாலும் இவர் இதைத்தான் காட்டுவார்,” என்றாள். அவள் கணவர் அப்போதும் அதையே காட்டிக்கொண்டு நின்றார். தங்கள் முதுகு எங்கே என்று சிலர் தேடித் தேடிப் பார்த்து, இல்லாமல் போகவே தூரிகையோடு நின்ற என்னிடம் வந்து முறையிட்டார்கள். அவர்களைத் திரும்பி நிற்கச் சொன்னேன். நான் வாழ்க்கையில் அத்தனை பேரோடு பேசியது அன்றுதான்.

எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒருவர் கேட்டார்: “ஆமா, முன்னாடி நிக்கிறவங்க யாரு?”

கூட்டம் முதல் தடவையாகப் பேரரசர்களை நிமிர்ந்து பார்த்தது. பெரிய கண்கள், வரிசைப் பற்கள், உரிய இடத்தில் முடிந்த நெற்றி. பதினொன்றும் ஒரே அச்சு.

“அண்ணன் தம்பிங்க போல,” என்றார் பழக்காரம்மா.

“இல்லல்ல, ஒரே ஆளு. வேஷம் மாத்தி மாத்திப் போட்டிருக்கான்,” என்றார் நடத்துநர்.

“பல்லைப் பாருங்க. பற்பசை விளம்பரம்தான்,” என்றது ஒரு குரல். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

தலைவர் தன் பேரரச முகத்துக்கு நேர் கீழே போய் நின்று, மேலே ஒரு தடவை பார்த்து, கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் மிகுந்த பணிவோடு, “சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க. என் முதுகை மறைக்கிறீங்க,” என்றார்.

தலைவரின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. செயலாளரை அழைத்தார். முதுகுகள் அனைத்தும் உடனே வெள்ளையடிக்கப்பட வேண்டும் என்றும், அதுவரை சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். செயலாளர் ஏற்கெனவே எழுதியிருந்தார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கையில் சான்றிதழ், கையெழுத்துக்கான இடம் வெறுமையாக. அவள் அழவில்லை. கோடை விடுமுறை தொடங்கும்போது அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் தலைவரின் மனைவி காரிலிருந்து இறங்கினார். விழாவுக்குத் தாமதமாக வந்ததை ஈடுகட்ட, வந்ததும் வராததுமாகக் கணவரைச் சுவரில் தேடினார். அரசவையில் இரண்டு பேரரசர்களையும் மாறி மாறிப் பார்த்து, பல் மருத்துவரைக் காட்டி, “இதுதானே நீங்க?” என்றார். மருத்துவர் அடக்கத்தோடு புன்னகைத்தார்.

அம்மையாரின் கண் மெல்லக் கீழே இறங்கியது. கூட்டத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

“ஐயோ, இங்க நிக்கிறீங்களே,” என்றார் அவர். “போன் பேசுனா இப்படித்தான் நிப்பீங்க. சட்டையைச் சரியா செருகுங்கன்னு தினம் சொல்றேன், ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா.”

கூட்டம் முழுவதும் அந்த முதுகைப் பார்த்தது. பிறகு தலைவரைப் பார்த்தது. முதல் தடவையாக அவரை அடையாளம் கண்டுகொண்டது. யாரோ கைதட்டத் தொடங்க, நிலையமே அதிர்ந்தது. தலைவர் சுவருக்கு அருகே போய்த் தன் பின்புறத்தை உற்றுப் பார்த்தார். அதை அவர் அதற்கு முன் சந்தித்ததில்லை.

“பரவாயில்லையே,” என்றார். “தோள் நல்லாத்தான் இருக்கு.”

வெள்ளையடிக்கும் தீர்மானத்தைச் செயலாளர் அந்த நொடியே கோடு போட்டு அடித்துவிட்டார். மற்ற பத்து உறுப்பினர்களும் தங்கள் முதுகுகளையும் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தார்கள். சமூகத்தில் இடம் கேட்டு அவர்கள் வரிசையில் நின்றதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பேராசிரியர், அடுத்த பதிப்பில் முதுகு பற்றி ஓர் அத்தியாயம் எழுதப்போவதாகச் சொன்னார். இடம் இருந்தால்.

தலைவர் பேனாவைத் திறந்தார். சான்றிதழில் இப்போதே கையெழுத்துப் போடப்போவதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆனால் பேருந்து நிலையத்தில் மேசை இல்லை. சுவரில் வைத்து எழுதினால் வண்ணம் ஈரம். செயலாளரின் கைகள் இரண்டிலும் தீர்மானங்கள். தலைவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் மனம் மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி, குனிந்து நின்றாள்.

தலைவர் அவள் முதுகில் காகிதத்தை விரித்துத் தடவிச் சமன் செய்து, நிதானமாக, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். இடம் வசதியாக இருந்ததால் வாழ்த்தும் இரண்டு வரி எழுதினார். புகைப்படக்காரர் ஒருவர், “அப்படியே இருங்க மேடம்,” என்றார். அக்கா அப்படியே இருந்தாள்.

வீட்டில் அம்மா சான்றிதழைப் பார்த்துவிட்டு, எழுத்து கொஞ்சம்கூடக் கோணாமல் இருக்கிறதே என்று மெச்சினாள். அக்கா நாற்காலியில் விழுந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

“எப்படிக் கூசுச்சு தெரியுமாம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அங்க மட்டும் சிரிச்சிருந்தேன், கையெழுத்து கோணியிருக்கும். இன்னொரு கோடைக்கும் நான் வெளியதான்.”

வேலை நிரந்தரமாகிவிட்டது. அலமாரியில் அவள் பெயர் எழுதியிருக்கிறார்கள். அவளையே எழுதச் சொன்னார்கள். நான் சுவருக்குப் போய் அரசவைக்கும் வணிகருக்கும் நடுவே குனிந்து நிற்கும் ஒரு முதுகை வரைந்தேன். அதன்மேல் காகிதம், காகிதத்தின்மேல் பேனா பிடித்த ஒரு கை. யாருடைய கை என்று குழு இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்று நம்பி மகிழ்ந்துபோகிறார்கள்.

ஆகவே கலைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இனி யாரும் தலையணை கனத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. எங்கள் குழு அதை நிதியாண்டுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டது. ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் குனிய வேண்டும். பற்களுக்கும் முடிக்கும் புரட்சிக்கும் எத்தனையோ திருத்தங்கள் கொண்டுவந்த பெரியவர்கள், யார் குனிவது என்பதற்கு மட்டும் எந்த யுகத்திலும் ஒரு திருத்தமும் கொண்டுவரவில்லை.